காப்பி வேணுமா, டாக்டர்?

அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் பாம்புச்செவி. அது அவளுக்கும் தெரியும். பாம்புச்செவிக்காரிக்குத் தெரியாமல் அப்படி ஒரு பெயரை எத்தனை நாளைக்குப் புழங்க முடியும்?

ஒலிபரப்பு ஆணையத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. வானொலியில் எவராவது தகாததைப் பேசிவிட்டார் என்று ஊரிலிருந்து புகார் வந்தால், அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை நிலையத்திடமிருந்து வரவழைப்பாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆதியோடு அந்தமாகக் கேட்பாள். விதியை மீறியிருக்கிறதா இல்லையா என்று எழுதுவாள். "ஊருல எல்லாரும் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குவாங்க. என் பொண்டாட்டி மத்தவங்க வாங்கின திட்டைக் கேட்டே சம்பளம் வாங்கறா" என்று அவள் புருஷன் போகிற இடத்திலெல்லாம் பெருமையடித்துக்கொள்வான்.

அந்த வேலையில் அவளுக்கு அலுப்பு என்பதே வந்ததில்லை. மழை வரும் என்று அறிவிக்கும்போது அந்தப் பெண் சிரித்தாள், எங்கள் கூரை ஒழுகுவது அவளுக்கு வேடிக்கையா என்று ஒருவர் எழுதுவார். உடற்பயிற்சி நிகழ்ச்சியில் "நல்லாக் குனி, இன்னும் குனி" என்று தன்னை ஒருமையில் பேசிவிட்டார்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எழுதுவார். எல்லாவற்றுக்கும் பதில் போடுவாள். நிஜமாகவே நெஞ்சைக் கிழிக்கிற பேச்சும் இடையிடையே வரும். அப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்று, கீழே தெருவில் போகிற வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கேட்பாள். பாதியில் நிறுத்திவிட்டு முடிவு எழுதியது கிடையாது. "வாலை மட்டும் காட்டி இது நாயா நரியான்னு கேட்டா நான் என்ன சொல்ல? முழு மிருகத்தையும் கொண்டாங்க" என்பாள்.

அப்படியிருக்கையில் ஒரு வாரத் தொடக்கத்தில் புகார்கள் புற்றீசல் போலக் கிளம்பின. எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. காலையில் ஊரை எழுப்புகிற நிகழ்ச்சி ஒன்றை நடத்துபவன். சேவல் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். "வாய்விட்டுச் சொல்லுங்க" என்று அவன் நிகழ்ச்சியில் ஒரு பகுதி. யாரிடமாவது சொல்ல முடியாமல் மனசுக்குள் வைத்திருக்கும் சங்கதியை நேயர்கள் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதில் திக்கிப் பேசுகிற பல் டாக்டர் ஒருவர் பேசினாராம். அவரைச் சேவல் கேலி செய்து சிரித்தானாம்.

வந்த புகார்கள் ஒரே அச்சில் வார்த்தவை. சொல்லுக்குச் சொல் அப்படியே. "கண்டனம்" என்ற சொல்லின் னகரத்துக்கு மூன்று சுழி போட்ட பிழைகூட ஒன்றுபோல எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவர் எழுதியதை ஊரே திருப்பி அனுப்பியிருக்கிறது என்று சொல்ல சோதிடம் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் குவியலில் ஒன்றே ஒன்று மட்டும் சொந்தக் கையால் எழுதப்பட்டிருந்தது.

"நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அந்த டாக்டர் என் உடன்பிறந்த தம்பி. எங்கள் அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தது நான். அன்று காலை வண்டியில் கற்றுக்கொள்ள வந்த பெண் ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் இடிக்கப் பார்த்தாள். அவளைத் திட்டிவிட்டு நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டியபோது கேட்டது என் தம்பியின் குரல். பாவம், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சேவல் என்கிற ஆள் 'காப்பி வேணுமா, டாக்டர்?' என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். உடனே அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பேச்சை எடுத்து அவன் புண்ணைக் கிளற எனக்கு மனசு வரவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சேவலின் கொண்டையை அறுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியில் பாம்புச்செவிக்குச் சிரிப்பு வந்தது. முழுசாகப் படித்து முடித்ததும் அதை மட்டும் குவியலிலிருந்து எடுத்துத் தனியே வைத்தாள்.

இயக்குநர் அவள் மேசைக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷர். பத்திரிகையில் அலுவலகத்தின் பெயர் வந்தால் மட்டும் அவருக்கு எதையும் அன்றே முடித்தாக வேண்டும். அன்று வந்திருந்தது.

"ஊனத்தைக் கேலி பண்றது விதிப்படி பெரிய குத்தம்மா. அபராதம் போட்டு இன்னிக்கே முடிச்சிடலாமே?"

"முழுசாக் கேட்டுடறேன் சார்."

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களே."

"அதனாலதான் சார் கேக்கணும்."

ஒலிப்பதிவு வந்து சேர்ந்தது. ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் சேவலின் குரல், வழக்கம்போல உச்சத்தில். "வாய்விட்டுச் சொல்லுங்க! இன்னிக்கு யாரு?"

"வ-வணக்கம். நான் பல் டாக்டர். எல்லாரையும் வாயைத் திறங்கன்னு சொல்றதுதான் என் தொழில். என் வாய்தான் தி-திறக்க மாட்டேங்குது."

"அவசரமே இல்ல டாக்டர். கூவியாச்சு, விடிஞ்சாச்சு, இனிமே என்ன?"

"கிளினிக்ல கவலையில்ல. வர்றவங்க வாயில நான் ப-பஞ்சை வச்சிடுவேன். அவங்களாலயும் பேச முடியாது, என்னாலயும் முடியாது. நாங்க ரெண்டு பேரும் சரிசமம்."

பாம்புச்செவி பக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புகார்ப் பிரிவில் ஹெட்போன் மாட்டியவர்கள் சிரிப்பது அன்றாடம் காண்கிற காட்சியல்ல.

டாக்டர் தொடர்ந்தார். "வீட்டுலதான் பிரச்சினை. அக்காகிட்ட முக்கியமான ஒரு விஷயம் சொல்லணும். அது 'க'வுல ஆரம்பிக்குது. நான் 'அக்கா, நான் க-க'ன்னு தொடங்கினா, 'காப்பியா? இதோ'ன்னு எழுந்து போயிடறாங்க. குடிச்சுட்டு மறுபடி தொடங்குவேன். 'இன்னொண்ணா? உடம்புக்கு ஆகாதுடா'ன்னு தி-திட்டிக்கிட்டே அதையும் போட்டுக் குடுப்பாங்க."

சேவலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுவரைக்கும் எத்தனை காப்பி ஆகியிருக்கும், டாக்டர்?"

"எ-எண்ணல. தூக்கம்தான் போச்சு."

"அக்கா இப்பக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?"

"தினமும் வண்டியில கேப்பாங்க."

"அப்ப இங்கேயே சொல்லுங்க. ரேடியோவுக்குள்ள கையை விட்டு யாரும் டம்ளரை நீட்ட முடியாது."

டாக்டர் மூச்சை இழுத்து விட்டார். "அக்கா, நான் க-க-க-க..."

"காப்பி வேணுமா, டாக்டர்?"

"ஐயோ, நீ-நீங்களுமா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது கொடுத்துக் கேட்டால் டாக்டரின் சிரிப்புதான் பெரிய சிரிப்பு. அதற்குப் பிறகு நடந்தது பாம்புச்செவியை நிமிர்ந்து உட்கார வைத்தது. சேவல் வாயை மூடிக்கொண்டான். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் வீட்டில் தீப்பிடித்த மாதிரி; ஓடிப் போய் ஒரு பாட்டையாவது போட்டு அணைத்துவிடுவார்கள். இவன் போடவில்லை. டாக்டரின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுபடி தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கினார். சேவல் ஒரு "ம்" கூடக் கொட்டவில்லை.

"அக்கா, நான் க-கல்யாணம் பண்ணிக்கப் போறேன். பொண்ணு யாருன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன். நீ முகத்தைத் தூக்கி வச்சுக்காத. உனக்குப் பிடிக்கலன்னா... இல்ல. உனக்குப் பிடிக்கும்."

சேவல் கத்திய கத்தலில் பாம்புச்செவி ஹெட்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாழ்த்தினான், வாத்தியம் வாசிக்கச் சொன்னான், ஊரில் ஒருவர் விடாமல் கை தட்ட வேண்டும் என்றான்.

அவள் மேசை மேலிருந்த புகாரை எடுத்து இன்னொரு முறை படித்தாள். "உடனே அணைத்துவிட்டேன்." அப்படியானால் அந்த அக்காவுக்கு அதற்கு முன்னால் நடந்ததும் தெரியாது, பின்னால் வந்ததும் தெரியாது. அன்று காலை கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த கல்யாணச் சேதி யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

அதோடு விடவில்லை அவள். அந்த நிலையம் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஒலிபரப்பியதை எல்லாம் வரவழைத்துக் கேட்டாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிலையத்தாரே ஒரு விளம்பரம் போட்டிருந்தார்கள். "நான் க-க-க-க..." "காப்பி வேணுமா, டாக்டர்?" அப்புறம் ஒரு வெடிச்சிரிப்பு. "சிரிக்கத் தயாரா? தினமும் காலை சேவலோடு!" முன்னே சொன்ன காப்பிக் கதை கிடையாது, டாக்டரின் சிரிப்பு கிடையாது, கல்யாணமும் கிடையாது. நடுத்துண்டத்தை மட்டும் வெட்டி, உப்பில்லாமல் உறைப்பில்லாமல், மனுஷனின் திக்கலை மட்டும் கடைவீதியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் கேட்டது இதைத்தான். கோபப்பட்டதும் இதற்குத்தான். கோபம் நியாயம்தான், அட்ரஸ்தான் தப்பு.

இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த அம்மாவுக்குத் தம்பி கல்யாணமே தெரியாது."

"நாம புகார்ப் பிரிவும்மா. கல்யாணத் தரகு எப்பலேர்ந்து?"

"விதிப்படி பேச்சோட எழுத்துப்படியைப் புகார் குடுத்தவங்களுக்கு அனுப்பணும். வளர்த்த பிள்ளையோட கல்யாணச் சேதி அவங்களுக்குத் தபால்ல, நம்ம முத்திரை குத்திப் போகலாமா சார்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "விதியில 'படிக்கவோ கேட்கவோ'ன்னுதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்பக் கேக்கட்டுமே."

அடுத்து டாக்டருக்குப் போன் போட்டாள். சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் இல்லாமல் விசாரணை முடியாது. யாரோ புகார் செய்திருக்கிறார்கள் என்று சொன்னதும் எதிர்முனையில் சத்தமில்லை. அவள் காத்திருந்தாள். காத்திருப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்.

"லை-லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர்."

"இந்நேரத்துக்கு எல்லாரும் வ-வச்சிட்டுப் போயிருப்பாங்க. யாருங்க புகார் குடுத்தது?"

"அதைச் சொல்லக் கூடாது டாக்டர்."

"யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க. சேவல் தம்பி தங்கமான பிள்ளை. எனக்காகக் கோபப்படறேன்னு ஊருல எல்லாரும் கிளம்பிட்டாங்க. எங்கிட்ட ஒ-ஒருத்தர் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "பிரச்சினை வீட்டுலதான். அக்கா அன்னிக்குக் கேட்டாங்க. அன்னிலேர்ந்து என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவங்களுக்கு இந்தக் க-கல்யாணம் பிடிக்கல போல."

பாம்புச்செவிக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். புகார்தாரர் யார் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் உயிர் போகும் போலிருந்தது. "நீங்க நேர்ல வாங்க டாக்டர். கண்டிப்பா வாங்க. யாரையாவது கூட்டிட்டு வரணும்னாலும் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

விசாரணை நாளன்று அக்கா தம்பிக்கு முந்தி வந்தார். நெடுநெடுவென்ற உருவம், கையில் வண்டிச் சாவி. நாற்காலியில் உட்காரும்போதே கால் தன்னால் முன்னே போய்த் தரையை மிதித்தது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியில் இத்தனை வருஷம் உட்கார்ந்த கால் அது.

"எங்க அந்தச் சேவல்?"

"இங்கேயேதாங்க இருக்கேன்" என்றது மூலையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று. வானொலியில் ஊரைத் தூக்கி உட்கார வைக்கிறவன் நேரில் ஒல்லிப்பிச்சானாக, கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"நீயா? உன்னை மலை மாதிரி நினைச்சேன். திட்றதுக்குக்கூட உடம்பு இல்லையே உன்கிட்ட!"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்தார். அக்கா எழுந்தார்.

"நீ எங்கடா இங்க?"

"நீ-நீ எங்க இங்க?"

"புகார் குடுத்தது நான்தான்."

டாக்டர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "கல்யாணத்து மேலயா பு-புகார் குடுத்த?"

"எந்தக் கல்யாணம்?" என்றார் அக்கா.

பாம்புச்செவி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. முதல்லேர்ந்து போடறேன். முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றாள் அவள்.

ஒலிபெருக்கியில் சேவல் கூவினான். டாக்டரின் குரல் வந்தது. வாயில் பஞ்சு வைக்கும் கதைக்கு இயக்குநர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமிச் சமாளித்தார். காப்பிக் கதை தொடங்கியது. அக்காவின் கண்கள் அகலமாயின. கைச் சாவி மடியில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. "காப்பி வேணுமா, டாக்டர்?" வந்தபோது அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அதன்பின் அந்த நீண்ட மௌனம். அக்கா தன் தம்பியைப் பார்க்காமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார், பச்சை விளக்குக்குக் காத்திருப்பவர் போல.

"அக்கா, நான் க-கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

பதிவு முடிந்தது. அக்கா மடியில் கிடந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா இதைச் சொல்லணும்னு இருக்க?"

"மூ-மூ..."

"மூணு மாசமா?" என்று பாய்ந்துவிட்டார். அப்புறம் சட்டென்று தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார்.

"மூணு வ-வருஷம்" என்றார் டாக்டர்.

அக்கா கையை எடுத்தார். "அடப்பாவி! அப்ப மூணு வருஷமா நான் போட்ட காப்பியெல்லாம் கல்யாணமா!"

அதற்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. முதலில் வெடித்தது இயக்குநர்தான். சேவல் சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே தம்பியின் தோளில் நாலு சாத்து சாத்தினார். "வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீ-நீதான் தூக்கி வச்சிருந்த!"

"உனக்கு அவமானம் ஆயிடுச்சேன்னு நான் வெந்துக்கிட்டு இருந்தேன்டா!"

"உனக்குப் பிடிக்கலன்னு நா-நான் வெந்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, யாரு பொண்ணு?"

டாக்டர் வாயைத் திறந்தார். "க-க-க..."

அக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கால் பிரேக்கைத் தேடியது. அறையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷி வாயைத் திறக்கவில்லை. இதைவிட மேட்டில் நிற்கிற வண்டியைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்துவது சுலபம்.

"கண்ணாடிக் கடை."

"நம்ம கண்ணாடிக் கடைப் பொண்ணா? எனக்குப் பவர் பார்த்து இதைப் போட்டு விட்டாளே, அந்தப் பொண்ணா?" தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதையே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இவ்வளவு நல்ல கண்ணாடியைப் போட்டும் எனக்குக் கண்ணு தெரியலையே! எங்க அவ?"

"கீ-கீழ நிக்கறா. மேல வர பயம்."

"என்கிட்ட என்ன பயம்? நான் என்ன சிங்கமா, புலியா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் சேவல் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டான். அந்தப் பெண்ணை டாக்டர் போய்க் கூட்டிவந்தார். வாசலில் தயங்கி நின்றவளை அக்கா இழுத்து அணைத்த வேகத்தில் இரண்டு பேர் கண்ணாடியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்கக் கண்ணாடிக்காரிக்குத்தான் கை வந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களாம்மா?"

"வாபஸா? யாரு சொன்னா?" அக்கா திரும்பினார். "நிகழ்ச்சி சரி. இந்தப் பிள்ளை மேல தப்பில்லை, ஒத்துக்கறேன். ஆனா அந்த விளம்பரம்? பெட்ரோல் பங்குல நிக்கறேன், 'க-க-க'ன்னு சிரிக்குது. மளிகைக் கடையில நிக்கறேன், அங்கயும் சிரிக்குது. எங்க போனாலும் என் தம்பியோட நாக்கைப் பிடிச்சுச் சந்தியில இழுத்து விட்டிருக்காங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

பாம்புச்செவிக்கு அந்தக் கணம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தான் எழுதி வைத்திருந்ததை அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"வெட்டினது நான் இல்லைங்க, விளம்பரப் பிரிவு" என்றான் சேவல். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா சிரிப்பு என்னோடது. தினமும் என் காதுலயும் விழுந்துச்சு. போடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். டாக்டர், தப்புதான்."

டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் பி-பிடிக்கல அது. உங்க பொழைப்பைக் கெடுப்பானேன்னு சும்மா இருந்தேன்."

ஆணையத்தின் தீர்ப்புக் குழு கூடியது. பாம்புச்செவி எழுதியதை வரிவரியாகப் படித்துப் பார்த்தது. நேயர் தானே மனமுவந்து தன் திக்கலைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார். நடத்துநர் அவரோடு சேர்ந்து சிரித்தார், அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேசி முடிக்க அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். ஆகவே நிகழ்ச்சியில் விதிமீறல் இல்லை. விளம்பரமோ பேச்சின் பொருளை நீக்கிவிட்டு ஒருவரது குறையை மட்டும் கேளிக்கையாக்கியது. ஆகவே விளம்பரம் விதிமீறல். இந்த முடிவின் சுருக்கத்தை நிலையம் அதே நிகழ்ச்சியில், பின்னணி இசை இல்லாமல், முன்னும் பின்னும் கிண்டல் இல்லாமல் வாசிக்க வேண்டும்.

மூன்று சுழிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் போனது. சிலர் திருப்பி எழுதினார்கள். "உண்மையைச் சொன்னால் நான் நிகழ்ச்சியையே கேட்கவில்லை. மச்சினன் அனுப்பினான், நானும் அனுப்பினேன்" என்று எழுதியிருந்தார் ஒருவர். கீழே, "டாக்டருக்கு என் வாழ்த்தைச் சொல்லவும்."

வாசிக்கிற நாளன்று புகார்ப் பிரிவில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. இயக்குநர் அறையிலிருந்த வானொலியைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தார்கள். சேவல் எப்போதும் போலக் கூவவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். "நாங்கள் செய்தது தவறு. அதற்காக அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்." முடித்ததும் ஒரு பாட்டு. என்ன பாட்டு போட வேண்டும் என்று ஆணையம் சொல்லவில்லை. அவன் கல்யாணப் பாட்டைப் போட்டான். இது விதியில் வருமா என்று இயக்குநர் பாம்புச்செவியைப் பார்த்தார். அவள் காது கேட்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாண அழைப்பு உடனே வந்துவிட்டது. ஆனால் விசாரணை முடியாத வரை புகார் கொடுத்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அலுவலக விதி. மேல்முறையீட்டுக்கான கெடு முடியட்டும் என்று சொல்லிவிட்டாள். "கல்யாணத்தையே அதுக்கப்புறம் வச்சுக்கிட்டாப் போச்சு. மூணு வருஷம் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டானா?" என்று அக்கா தேதியைத் தள்ளி வைத்தார்.

சின்ன மண்டபம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டாக்டரிடம் பல் கட்டியவர்கள், மீதிப் பேர் மணப்பெண்ணிடம் கண்ணாடி வாங்கியவர்கள், நடுவே அக்காவிடம் வண்டி கற்றவர்கள். வெளியே வண்டிகள் வரிசை பிசகாமல் நின்றதற்கு அதுதான் காரணம். பாம்புச்செவி புருஷனோடு வந்தாள். இயக்குநர் புதுச் சட்டையில் வந்தார். சேவல் மைக்கைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்து பேசினார். வந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்தார். பந்தியில் சாப்பாடு இலேசாக ஆறத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. மணப்பெண் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் நீள வேண்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அக்கா மெல்ல நகர்ந்து பாம்புச்செவியின் காதோரம் குனிந்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சாயங்காலச் செய்தி வாசிக்கறாரே ஒருத்தர், வாக்கியத்தோட கடைசியை முழுங்கறாரு. மந்திரி வந்தாரா வரலையான்னே தெரியல. இதுக்கு எந்த விதி?"

"அதுக்கு விதி கிடையாதுங்க."

"ஏன் கிடையாது? உங்க ஆபீஸ்ல நேயர் குழுன்னு ஒண்ணு இருக்காமே. அதுல எப்படிச் சேர்றது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநருக்கு விஷயம் காதில் விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாம்புச்செவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல்ல மாப்பிள்ளை பேசி முடிக்கட்டுங்க" என்றாள்.

"அது முடியட்டும், மெதுவா முடியட்டும்" என்றார் அக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து. "நாம எங்க போகப் போறோம்?"